வீட்ல உக்காந்து படம் பாக்கறவங்க சொல்றத நம்பலாமா?

தம்பி கேட்டிருக்கறது இதான். டிவிலயும் ஓடிடிலயும் படம் பாத்துட்டு சாதாரண ஜனங்க சொல்ற கருத்த எவ்ளோ தூரம் நம்பலாம், ஒரே படத்த ஒருத்தர் அழுதுட்டேங்கறாரு இன்னொருத்தர் இருபது நிமிஷத்துல நிறுத்திட்டேங்கறாரு, தியேட்டர்ல ஓடாத படத்த வீட்ல கொண்டாடறாங்க, தியேட்டர்ல பிச்சுக்கிட்டு ஓடுன படத்த வீட்ல பாத்துட்டு இதுக்கா இவ்ளோ கூட்டம்னு கேக்கறாங்க, இதுல யார் பேச்ச எடுத்துக்கறதுன்னு. கடைசி விவசாயி படம் "ரொம்ப ஸ்லோ"ன்னு நாலு பேர் சொன்னாங்க, அதான் அரை மணி நேரத்துல ஆஃப் பண்ணிட்டேன்னும் எழுதியிருக்கீங்க.

கொஞ்சம் நீளமாவே சொல்றேன், ஏன்னா பதினெட்டு வருஷம் எனக்கு சோறு போட்டதே இந்த கருத்துங்கதான். 1989லேருந்து 2007 வரைக்கும் கும்பகோணத்துல கேசட் கடை வச்சிருந்தேன், மொதல்ல வீடியோ கேசட், அப்புறம் சிடி, டிவிடி. கல்யாண வீடு, காதுகுத்து, கோயில் திருவிழான்னா டெக்கும் டிவியும் சேத்து வாடகைக்கு போவும், ராத்திரி முழுக்க மூணு படம் ஓட்டணும். கேசட்ட திருப்பிக் குடுக்க வர்றவங்க கவுன்ட்டர்ல நின்னு ரெண்டு வார்த்த சொல்லாம போகவே மாட்டாங்க. அப்ப எனக்கு அது வியாபாரம், அடுத்த ஆளுக்கு என்ன படம் எடுத்து குடுக்கலாம்னு அத வச்சுத்தான் முடிவு பண்ணுவேன். பத்திரிகை விமர்சனத்த வச்சு குடுத்தா அடுத்த நாளே வந்து முகத்த சுளிப்பாங்க.

அதுல ஒரு விஷயம் சொல்றேன், இத யாரும் எழுதி நான் பாத்ததில்ல. ஜனங்க வாயால சொல்றது ஒண்ணு, கேசட் சொல்றது ஒண்ணு. ஒரு எடத்தையே திரும்பத் திரும்ப ரீவைண்ட் பண்ணி பாத்தாலோ பாஸ் பண்ணி நிறுத்தி வச்சாலோ அந்த எடத்துல டேப் தேஞ்சு போயிரும், அடுத்த தடவ போடும்போது அங்க மட்டும் வெள்ளை வெள்ளையா கோடு விழும். கரகாட்டக்காரன் கேசட்ட எவ்ளோ தடவ புதுசா மாத்துனாலும் கவுண்டமணி செந்தில் வாழைப்பழ காமெடி வர்ற எடத்துலதான் மொதல்ல கோடு விழும். மைக்கேல் மதன காமராஜன்ல ஒரு எடம்னு சொல்ல முடியாது, படம் பூராவும் அங்கங்க தேஞ்சிருக்கும், அதுலயும் கல்யாண சாம்பார்ல மீன் விழற சீன் கிட்டத்தட்ட அழிஞ்சே போயிருக்கும். அதுக்கு காரணம் இருக்கு. கிரேஸி மோகன் வசனம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி வரும், தியேட்டர்ல மொத ஜோக்குக்கு ஜனங்க சிரிக்கற சத்தத்துல அடுத்த ரெண்டு ஜோக் காதுலயே விழாது. வீட்லதான் ரீவைண்ட் பண்ணி "என்ன சொன்னான், இன்னொரு தடவ போடு"ன்னு கேக்க முடியும். அதனால அந்த மாதிரி படம் வீட்லதான் முழுசா கெடைக்குது, பஞ்சதந்திரத்துக்கும் இதேதான், இன்னைக்கு வரைக்கும் ஜனங்க அத டிவில பாத்துட்டு புதுசா ஒரு ஜோக் கண்டுபிடிச்சேன்னு சொல்லுவாங்க.

இப்ப இதுக்கு நேர் எதிரா ஒண்ணு. மகாநதி, 1994 பொங்கல் படம். எங்க கடையிலேருந்து அத எடுத்துட்டு போன ஒருத்தர் கூட மோசம்னு சொன்னதில்ல. ஆனா அந்த கேசட் தேயவே இல்ல, கடைய மூடுற வரைக்கும் புதுசு மாதிரி இருந்துச்சு. ஒரு டீச்சரம்மா திருப்பிக் குடுக்கும்போது சொன்னாங்க, "நல்ல படம் தம்பி, ஆனா இன்னொரு தடவ மனசு தாங்காது"ன்னு. அந்த அப்பா கல்கத்தாவுல பொண்ண தேடிப் போற பகுதிய பாத்தவங்களுக்கு இது புரியும். அதுலேருந்து நான் ஒண்ணு வச்சுக்கிட்டேன், திரும்பத் திரும்ப பாக்கற படம் வேற, ஒரே தடவ பாத்து காலத்துக்கும் கூடவே வர்ற படம் வேற, வீட்ல இருக்கறவங்க ரெண்டுக்கும் "நல்லாருக்கு"ன்னு ஒரே வார்த்ததான் சொல்லுவாங்க. அதனால ஒருத்தர் நல்லாருக்குன்னா "மறுபடி பாப்பீங்களா"ன்னு ஒரு கேள்வி சேத்து கேளுங்க, அவர் எத சொல்றாருன்னு உடனே தெரிஞ்சிரும்.

அடுத்தது தியேட்டர்ல ஓடாம வீட்ல வாழ்ந்த படங்க. எல்லாரும் சொல்ற உதாரணம் அன்பே சிவம், நானும் அதையே சொல்றேன் ஏன்னா நான் கண்ணால பாத்தது. 2003 பொங்கலுக்கு வந்துச்சு, அதே பொங்கலுக்கு வந்த தூள் கூட்டத்த அள்ளுச்சு, இதுக்கு கூட்டம் இல்ல. பண்டிகைக்கு புதுசு உடுத்திக்கிட்டு குடும்பத்தோட வர்றவனுக்கு ஒரு மனநில இருக்கு, விசில் அடிக்கணும், சந்தோசமா வெளிய வரணும். அவன் முன்னாடி முகமெல்லாம் தழும்போட ஒருத்தர், கோவமா ஒரு விளம்பரப்பட டைரக்டர், ரெண்டு பேரும் மழை வெள்ளத்துல புவனேஸ்வர்ல மாட்டிக்கிட்டு பேசிக்கிட்டே இருக்காங்க. தப்பு படத்துலயும் இல்ல ஜனங்ககிட்டயும் இல்ல, ரெண்டு பேரும் சந்திச்ச நாள்தான் சரியில்ல. அதே படம் டிவில ஒரு சாயங்காலம் சும்மா ஓடும்போது, டிக்கெட் காசு போகல, எதிர்பார்ப்பு இல்ல, பாதியிலதான் வந்து உக்காந்தான், ரெண்டு பேரு ரயில்ல பேசிக்கிட்டு வர்றத கேட்டான், எழுந்திரிக்க முடியல. அடுத்த தடவ மொதல்லேருந்து பாத்தான். எங்க கடையில அதோட சிடிய கேட்டு வந்தவங்க பாதி பேரு "டிவில பாதி பாத்தேன், மொத பாதி என்ன"ன்னு கேட்டுத்தான் வந்தாங்க.

இந்த பாதியிலேருந்து பாக்கறதுங்கறது ரொம்ப முக்கியம், யாரும் கணக்குல எடுத்துக்கறதில்ல. விமர்சகர் படத்த மொதல்லேருந்து பாப்பாரு, வீட்ல பாக்கறவங்க எங்கேருந்து வேணும்னாலும் பாப்பாங்க. சூர்யவம்சம் 1997ல வந்தது, இன்னைக்கு போட்டாலும் ஓடுது, ஏன்னா அதுல எந்த சீன்ல நீங்க உள்ள வந்தாலும் அந்த சீன் அதுக்குள்ளயே முழுசா இருக்கும். இட்லி உப்புமா சீனா, பஸ் வாங்கற சீனா, பொண்டாட்டி கலெக்டராவுற சீனா, கடைசியில அந்த பாயாசமா, முன்னாடி என்ன நடந்துச்சுன்னு தெரியாமலே கண்ணு கலங்கும். இத எடுத்த விக்ரமன் படத்துக்கு ஒரு நாற்காலி எப்பவும் காலியா இருக்கும், யார் வேணா வந்து உக்காரலாம். ஆனா 96 அப்படி இல்ல. 2018 அக்டோபர்ல தியேட்டருக்கு வந்து ஒரு மாசம் கூட சரியா ஓடி முடிக்கல, தீபாவளிக்கே டிவில போட்டுட்டாங்க, த்ரிஷாவே பொங்கலுக்கு தள்ளி வைக்கலாமேன்னு கேட்டாங்க. ஒரே ராத்திரி, ரெண்டு பேரு, மெல்ல மெல்ல பேச்சு ஏறுது, அந்த ஏத்தத்துக்கு நடுவுல பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ பட்டாசு விளம்பரமும் நகைக்கடை விளம்பரமும் வந்தா அந்த சூடு எப்படி நிக்கும். அன்னைக்கு டிவில மொத தடவ பாத்துட்டு "என்னப்பா சும்மா பேசிக்கிட்டே இருக்காங்க"ன்னு சொன்ன எங்க மச்சான், ரெண்டு வருஷம் கழிச்சு லாக்டவுன்ல போன்ல இயர்போன் மாட்டிக்கிட்டு அதே படத்த பாத்துட்டு ராத்திரி ஒரு மணிக்கு எனக்கு போன் பண்ணாரு. ரெண்டும் அவர் கருத்துதான், ரெண்டும் உண்மைதான்.

96 எடுத்த அதே டைரக்டரோட மெய்யழகன் 2024ல வந்தப்போ என்ன ஆச்சு, நீளம் ஜாஸ்தின்னு சொன்னாங்கன்னு ரிலீஸாகி சில நாள்ளயே 18 நிமிஷத்த வெட்டுனாங்க. ஒரு மாசத்துல ஓடிடிக்கு வந்துச்சு, அப்ப வீட்ல பாத்தவங்க விட்ட கண்ணீர நான் என் குடும்பத்துலயே பாத்தேன். நாங்க தஞ்சாவூர் ஜில்லா ஆளுங்க, நீடாமங்கலம் பக்கம் கல்யாணம்னா எப்படி இருக்கும், ஊர விட்டு போனவன் திரும்பி வந்தா யார் யார் என்ன முறை சொல்லி கூப்புடுவாங்கன்னு எங்களுக்கு தெரியும். கார்த்தி "அத்தான் அத்தான்"னு சுத்தி சுத்தி வர்றாரு, அரவிந்த்சாமிக்கு அவன் பேரு என்னன்னே தெரியல, கேக்கவும் கூச்சம். இது தியேட்டர்ல நானூறு பேரோட பாக்கறத விட, நம்ம வீட்டு கூடத்துல, பக்கத்துல நம்ம அத்தை மாமா உக்காந்திருக்கும்போது பாத்தா தச்சிரும், ஏன்னா படம் நடக்கறதே அந்த மாதிரி ஒரு கூடத்துலதான். எங்க பெரியம்மா பாதியில எழுந்து போயி, வித்துட்டு வந்த வீட்டோட போட்டோவ பீரோலேருந்து எடுத்துட்டு வந்து மடியில வச்சுக்கிட்டு மீதிய பாத்தாங்க. அதுக்கப்புறம் அந்த படம் நீளமா இல்லையான்னு நான் யார்கிட்டயும் வாதாடறதில்ல.

சரி, எந்த கருத்த நம்பக்கூடாதுன்னும் சொல்லணும். வீட்ல பாத்துட்டு கொறை சொல்றவங்கள்ல நிறைய பேரு படத்த திட்றோம்னு நெனச்சுக்கிட்டு உண்மையில டிவிய திட்றாங்க. "வசனமே புரியல, சண்டை வந்தா தெருவே கேக்குது"ன்னு சொல்லுவாங்க. தியேட்டருக்கு கலக்கற சத்தத்துல வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கர்லேருந்து வரும், மியூசிக்கும் வெடிச்சத்தமும் சுத்தி இருக்கற மத்த ஸ்பீக்கர்ல வரும். நம்ம வீட்டு மெலிசு டிவில பின்பக்கம் பாத்து ரெண்டு சின்ன ஸ்பீக்கர் இருக்கு, எல்லாத்தையும் அந்த ரெண்டுக்குள்ள திணிக்கும்போது வசனம் அமுங்கிருது. ஓடிடில ஆடியோ செலக்ட் பண்ற எடத்துல 5.1க்கு (சுத்தி நிறைய ஸ்பீக்கர் வச்சிருக்கறவங்களுக்கான சத்தம்) பதிலா ரெண்டு ஸ்பீக்கருக்கான ஸ்டீரியோ இருந்தா அத வச்சு பாருங்க, டிவி செட்டிங்ல நைட் மோடோ பேச்ச தெளிவாக்கற மோடோ இருந்தா ஆன் பண்ணுங்க, பாதி பிரச்சனை போயிரும். சத்தம் ஜாஸ்திங்கறது எல்லா நேரமும் டிவி தப்புன்னும் சொல்ல முடியாது, 2024ல கங்குவா வந்தப்போ தியேட்டர்லயே காது வலிக்குதுன்னு சொல்லி, தயாரிப்பாளரே வால்யூம ரெண்டு பாயின்ட் கொறைக்க சொல்ற அளவுக்கு போச்சு.

இன்னொண்ணு, "பெரிய பட்ஜெட் படம் ஆனா சீரியல் மாதிரி இருக்கு"ங்கற கருத்து. சூரரைப் போற்று படத்தயே எங்க பக்கத்து வீட்டுக்காரர் இப்படி சொன்னாரு, போய் பாத்தா அவரு புது டிவில மோஷன் ஸ்மூத்திங் ஆன்ல இருக்கு. சினிமா செகண்டுக்கு 24 பிரேம்ல எடுக்கறது, டிவி நடுவுல அதுவா பிரேம் போட்டு நிரப்பிருது, அதனால எல்லாம் வழவழன்னு வீடியோ எடுத்த மாதிரி தெரியும். இத ஆஃப் பண்ணுங்கன்னு 2018ல டாம் குரூஸே வீடியோ போட்டு கெஞ்சுனாரு. பக்கத்து வீட்ல ஆஃப் பண்ணி விட்டேன், மறுநாள் அதே படத்த அவரு வேற படம் மாதிரி இருக்குன்னாரு.

சீரியல் விஷயத்துக்கு வர்றேன், இதுலதான் நான் நிறைய பேரோட சண்டை போட்டிருக்கேன். சீரியல் பாக்கறவங்க ரசனைய மட்டமா பேசறது ஒரு பழக்கமா ஆயிருச்சு. ஒருத்தர் முகத்தயே மூணு தடவ காட்றான், சொன்னதயே திரும்ப சொல்றான், விளம்பரம் முடிஞ்சு மறுபடி அதே சீன்னு ஆம்பளைங்க கிண்டல் பண்ணுவாங்க. அவங்க சோபால உக்காந்து பாக்கறாங்க அதனால அப்படி தெரியுது. எங்க வீட்ல சீரியல் பாக்கறது அடுப்படியிலேருந்து. தோசைக் கல்லு மேல ஒரு கண்ணு, குழந்தை ஹோம்வொர்க் மேல ஒரு கண்ணு, டிவிக்கு காது மட்டும்தான். சத்தமா மியூசிக் வந்தா எட்டிப் பாப்பாங்க, அதுக்குள்ள மூணாவது முகம் ஓடிக்கிட்டிருக்கும், சரியா அந்த முகத்த பாத்துட்டு திரும்பிருவாங்க. சீரியல் அவங்க வேலைக்கு ஏத்த மாதிரி வளஞ்சு குடுக்குது. மெட்டி ஒலி 2002லேருந்து 2005 வரை 811 எபிசோடு, கோலங்கள் 2003லேருந்து 2009 வரை 1533 எபிசோடு, இத ஒரு எபிசோடு போன்ல பாத்துட்டு இழுவைன்னு சொல்றவரு, ஆறு வருஷம் தினமும் அந்த கோலங்கள் கதாநாயகி அபிய வீட்டுக்குள்ள வச்சிருந்தவங்க கருத்துக்கு பதில் சொல்ல முடியாது. சித்தி ஓடுன காலத்துல அந்த நேரத்துக்கு என் கடைக்கு ஒரு பொம்பள வரமாட்டாங்க, நானும் அந்த அரை மணி நேரம் கேசட் தொடச்சு அடுக்கி வைப்பேன். மர்மதேசம் மாதிரி கண்ணெடுக்காம பாக்க வேண்டிய சீரியல் வந்தப்போ அதே ஜனங்கதான் வேலைய முடிச்சுட்டு வந்து தரையில உக்காந்து பாத்தாங்க, மர்மதேசத்துல வந்த விடாது கருப்பு கதையில அந்த குதிரைச் சத்தத்துக்கு எங்க வீட்ல லைட்ட அணைக்கவே விடமாட்டாங்க. எப்படி பாக்கணும்னு அவங்களுக்கு தெரியும்.

எதிர்நீச்சல்ல ஆதி குணசேகரனா நடிச்ச மாரிமுத்து 2023 செப்டம்பர் 8ஆம் தேதி அந்த சீரியலுக்கு டப்பிங் பேசிக்கிட்டிருந்தப்பவே நெஞ்சுவலி வந்து எறந்து போனாரு. அன்னைக்கு எங்க தெருவுல பொம்பளைங்க அழுதாங்க. மருமகளுங்கள படிக்க விடாம, வேலைக்கு விடாம, பேச விடாம அடக்கி வைக்கற கேரக்டர், தினமும் டிவிய பாத்து திட்டுவாங்க, அவருக்காக அழுதாங்க. எங்க வீட்ல சொன்னாங்க, "அந்தாளு நடிக்கல, எங்க சித்தப்பாவ அப்படியே கொண்டாந்து நிறுத்துனாரு, இப்ப அவரத் திட்றதுக்கு கூட ஆள் இல்ல"ன்னு. ஒரு நடிகனுக்கு இத விட பெரிய விமர்சனம் எந்த பத்திரிகையில வந்துச்சுன்னு எனக்கு யாராச்சும் காட்டட்டும்.

வெப் சீரிஸ்ல நான் எல்லாருக்கும் சொல்றது அயலி. சுழல் நல்லாருக்கு, மயான கொள்ளை திருவிழாவ கதையோட கோத்த விதம் பிரமாதம், விலங்குல போலீஸ் ஸ்டேஷன் பேச்சு அச்சு அசல், ஆனா அதெல்லாம் யார் கொலை பண்ணான்னு தெரிஞ்சப்புறம் வீட்ல பேச்சு நின்னுரும். அயலி 2023 ஜனவரியில வந்துச்சு, புதுக்கோட்டை பக்கம் ஒரு கிராமத்துல வயசுக்கு வந்தா பொண்ணுங்க படிப்ப நிறுத்திரணும்னு கட்டுப்பாடு, டாக்டராகணும்னு ஆசப்படற ஒரு பொண்ணு வயசுக்கு வந்ததயே மறைக்கறா. எட்டு எபிசோடு. மொத ரெண்டு எபிசோடு எங்க மாமியார் ஒண்ணுமே பேசல. மூணாவது ஓடும்போது "கொஞ்சம் நிறுத்துங்க மாப்ள"ன்னாங்க. எட்டாங் கிளாஸோட அவங்க படிப்ப நிறுத்துனத, கணக்கு நோட்ட வைக்கோலுக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தத, அவங்க அப்பா கேட்டதுக்கு மாடு தின்னுருச்சுன்னு பொய் சொன்னத சொன்னாங்க. அறுபது வருஷத்துல பெத்த பொண்ணுக்கு கூட அவங்க அத சொன்னதில்ல. என் பொண்ணு பக்கத்துல உக்காந்திருந்தா, அவ அப்ப காலேஜ் ரெண்டாவது வருஷம். ஒரு மணி நேரம் டிவி பாஸ்லயே கெடந்துச்சு. தியேட்டர்ல படத்த நிறுத்தி பாட்டி கதைய கேக்க முடியாது. மறுநாள் எங்க மாமியார்கிட்ட சீரிஸ் எப்படின்னு ஒருத்தர் கேட்டாரு, அவங்க "பரவால்ல, பாக்கலாம்"னு மட்டும்தான் சொன்னாங்க. பரவால்லங்கற அந்த ஒரு வார்த்தைக்குள்ள இவ்ளோ இருக்கும்.

அதனால வார்த்தைய அப்படியே எடுத்துக்காதீங்க தம்பி. "டைம்பாஸ்"னா திட்டு இல்ல, களைச்சுப் போயி வந்தவனுக்கு அந்த ராத்திரி நல்லா போச்சுன்னு அர்த்தம். "தூங்கிட்டேன்"னா பல நேரம் அவரு ஷிப்ட் முடிஞ்சு வந்து பத்து மணிக்கு மேல போட்டிருப்பாரு. "குடும்பத்தோட பாக்க முடியாது"ங்கறது படத்த பத்தி இல்ல, அந்த நேரம் கூடத்துல யார் யார் இருந்தாங்கங்கறத பத்தி. "ஓட்டி ஓட்டி பாத்தேன்"னா மட்டும் கவனிங்க, எந்த எடத்த ஓட்டுனாருன்னு கேளுங்க, பாட்டா சண்டையா அம்மா சென்டிமென்ட்டா, அது என் தேஞ்ச கேசட் மாதிரி, பொய் சொல்லாது. "ஸ்லோ"ன்னு சொன்னா, கையில போன் இருந்துச்சான்னு ஒரு வார்த்த கேளுங்க.

கடைசி விவசாயிக்கு அதத்தான் கேக்கணும். மணிகண்டன் எடுத்த படம், 2022 பிப்ரவரியில வந்துச்சு, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்குச்சு. மாயாண்டியா வர்ற நல்லாண்டி ஐயா நெசமாவே விவசாயி, படம் வெளியாவறதுக்கு முன்னாடியே போயி சேந்துட்டாரு. அதுல செத்த மயில பொதச்சதுக்கு அவர் மேல கேஸ் போட்டு உள்ள வைக்கறாங்க, அவருக்கு கேஸ பத்தி கவல இல்ல, வெளிய பயிருக்கு தண்ணி யார் ஊத்துவாங்கன்னுதான் கவல, அத கேட்ட மாஜிஸ்திரேட்டம்மா ஒரு கான்ஸ்டபிள அனுப்பி தண்ணி ஊத்த வைக்கறாங்க. நீங்க நிறுத்துன அரை மணி நேரத்துக்கு அப்புறம்தான் இதெல்லாம். அந்த பெரியவரு காது சரியா கேக்காம, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நிமிஷம் எடுத்துக்கறாரே, அந்த ஒரு நிமிஷத்துல நீங்க போன எடுத்தீங்கன்னா படம் போச்சு. நெல்லு வெளையற வேகத்துல படம் போவுது, நாத்து விட்டு கதிர் பாக்கறதுக்கு எத்தன நாள் ஆவும்னு எங்க ஊர்ல யார வேணா கேளுங்க.

ஒரு ஞாயித்துக்கெழம ராத்திரி சாப்பாடு முடிஞ்சு எல்லா வேலையும் ஓஞ்சப்புறம், போன அடுத்த ரூம்ல சார்ஜ்ல போட்டுட்டு, மோஷன் ஸ்மூத்திங்க ஆஃப் பண்ணிட்டு, வீட்ல பெரியவங்க யாராச்சும் இருந்தா பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு மொதல்லேருந்து போடுங்க. அவங்க நடுவுல ஏதாச்சும் சொல்ல ஆரம்பிச்சா பாஸ் பண்ணுங்க, சொல்லி முடிக்கட்டும். அதுக்கப்புறமும் ஸ்லோன்னு தோணுச்சுன்னா வந்து சொல்லுங்க, அந்த கருத்த நான் எடுத்துக்கறேன்.